சுவர் யாருடையது? மெக்சிகோ சுவரோவியத்தின் சாந்தும் அரசியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

1921-இல் மெக்சிகோவில் பொதுக் கல்வி அமைச்சகம் உருவாக்கப்பட்டது. பத்தாண்டு காலப் புரட்சியும் உள்நாட்டுப் போரும் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அமைச்சர் ஹோசே வாஸ்கான்செலோஸ் கிராமங்களுக்கு ஆசிரியர்களை அனுப்பினார், நூலகங்கள் திறந்தார், அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். மெக்சிகோ சுவரோவிய இயக்கம் அங்கிருந்து பிறந்தது.

இந்த இயக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் சுவரில் என்ன வரையப்பட்டது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். நான் சுவரைப் பற்றியும் சாந்தைப் பற்றியும் கூடுதலாகப் பேச விரும்புகிறேன். எந்தச் சுவர், அது யாருக்குச் சொந்தம், அதன்மேல் என்ன பூச்சு என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு படத்தை யார் பார்க்கலாம், யார் அழிக்கலாம் என்பதைத் தீர்மானித்தன.

முதல் களம், மெக்சிகோ நகரின் சான் இல்டெஃபோன்சோ. பழைய இயேசு சபைக் கல்லூரியான அது அன்று, பல்கலைக்கழகப் படிப்புக்கு மாணவர்களைத் தயார்செய்யும் தேசிய ஆயத்தப் பள்ளியாக இருந்தது. நீண்ட காலம் ஐரோப்பாவில் இருந்துவிட்டுத் திரும்பிய தியேகோ ரிவேரா, அங்கே பொலிவார் அரங்கில் 1922-இல் 'படைப்பு' என்ற ஓவியத்தைத் தொடங்கினார். தேன்மெழுகும் கோபல் பிசினும் நிறத்தூளும் கலந்து, தீச்சுடரால் சூடேற்றிச் சுவரில் பதிய வைக்கும் மெழுகோவிய முறை அது. தங்க ரேக்கும் ஒட்டினார். முடிக்க ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. கலைத்தேவதைகளும் ஒளிவட்டங்களும் நிறைந்த அந்தப் படத்தில் புரட்சியின் சாயலே இல்லை. நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் சுவர்கள் காத்திருக்கும்போது இந்த முறை ஒத்துவராது என்பது ரிவேராவுக்கே புரிந்துவிட்டது.

அதே பள்ளியின் மாடிப்படிப் பகுதியில் ஜான் ஷார்லோவும் நுழைவாயிலில் ராமோன் ஆல்வா தெ லா கனாலும் ஈரச் சாந்தில் வரையும் ஃபிரெஸ்கோ முறையில் இறங்கியிருந்தார்கள். அதுதான் இயக்கத்தின் முதன்மை முறையாக வளர்ந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, தண்ணீருக்கடியில் குறைந்தது சில மாதங்கள் ஊறப்போட வேண்டும். நீறாத துகள் ஒன்று சாந்தில் தங்கினாலும், படம் முடிந்த பிறகு அது ஈரத்தை இழுத்துப் பருத்து மேற்பூச்சைத் தெறிக்கச் செய்யும். சுவரின் பழைய பூச்சைக் கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, நன்றாக நனைத்த பிறகு அடிப்பூச்சு. பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு கழுவிய மணல். மணலில் உப்பு இருக்கவே கூடாது. இந்த அடுக்குகள் இறுகியதும், அவற்றின் மேல் கரியாலும் செங்காவியாலும் படம் முழு அளவில் கோடாக இறக்கப்படும். கடைசிப் பூச்சு சுண்ணாம்பும் பளிங்குத் தூளும் கலந்தது, சில மில்லிமீட்டர் கனம்தான். அதை அன்றைய பகலில் வரைந்து முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும் பூசுவார்கள். அடியில் உள்ள கோடு மறைந்துவிடுவதால், ஊசியால் துளையிட்ட வரைபடத் தாளை ஒற்றிக் கரித்தூள் தட்டி, கோட்டை மீண்டும் ஏற்ற வேண்டும்.

ரிவேராவின் சாரத்தில் கொத்தனார்கள் இரவிலேயே பூச்சு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். விடிகாலையில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாது, ஆனால் ஈரம் விரலில் ஒட்டும் என்ற பதத்தில் அவர் தூரிகை எடுப்பார். நிறத்தூளைத் தண்ணீரில் மட்டும் அரைத்துத் தருவது உதவியாளர்கள் வேலை. பசை எதுவும் சேராது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சுண்ணாம்பு மறுபடி கல்லாக மாறும்போது நிறம் அதற்குள் பிடிபட்டுவிடும். முதலில் கறுப்பிலேயே ஒளி நிழல் முழுவதையும் கட்டிவிட்டு, அதன்மேல் நிறம் ஏற்றுவது ரிவேராவின் பழக்கம். சாந்து நீர் குடிப்பதை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு மேலும் வரைந்தால் நிறம் பிடிக்காமல் தூளாக மேலே நிற்கும், துணி பட்டால் வந்துவிடும். வரையாமல் மிஞ்சிய பூச்சைக் கரணையால் சாய்வாக வெட்டி எறிய வேண்டும். மறுநாள் பூச்சு அந்த வெட்டில் இணையும். இணைப்பு தெரியாமலிருக்க, ஒரு தோளின் வளைவிலோ தொப்பியின் விளிம்பிலோ அதை வெட்டுவார்கள். வேலை எப்போதும் மேலிருந்து கீழே இறங்கும். இல்லாவிட்டால் முடிந்த பகுதியில் சுண்ணாம்பு நீர் வழிந்து வெள்ளைக் கறை விழும். பிழையைத் திருத்தக் கொத்தி எடுப்பதைத் தவிர வழியில்லை.

எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. காவி மண், செங்காவி, பச்சை மண், திராட்சைக் கொடியைச் சுட்ட கரி, கோபால்ட் நீலம் ஆகியவை தாங்கும். பிரஷ்ய நீலம் பழுப்பேறிவிடும், ஈய வெள்ளை கறுக்கும். வெள்ளைக்குச் சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும். அந்தச் சுவர்களின் நிறங்கள் மண்ணோடு ஒட்டி நிற்பதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

1923-இல் ரிவேரா கல்வி அமைச்சகக் கட்டடத்துக்கு மாறினார். அலங்கார ஓவியத் தொழிலில் பழகி, சுண்ணாம்பின் குணம் அறிந்த ஹாவியேர் கெரேரோ அவருடைய உதவியாளர். நாகதாளி வகைச் செடியான நோபாலின் சாற்றை நிறத்தோடு கலந்து வரைந்தார்கள். பழங்குடி முன்னோரின் இழந்த ரகசியம் மீண்டும் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் செடிச்சாறு கரிமப் பொருள். சாந்துக்குள் அது சிதைந்து கறைகள் கிளம்பின. சிறிது காலத்தில் அதைக் கைவிட்டு, தண்ணீர் மட்டுமே போதும் என்ற பழைய முறைக்கு வந்தார்கள்.

அந்தக் கட்டடத்தில் 1928 வரை வேலை நடந்தது. இரண்டு முற்றங்கள், மூன்று தளங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். உழைப்பு முற்றத்தில் சுரங்கத்திலிருந்து வெளியேறும் தொழிலாளியைக் காவலன் சோதனையிடும் படம் இருக்கிறது. இரண்டு கைகளையும் விரித்து நிற்கும் அவன் சிலுவையில் அறையப்பட்டவனாகவே தெரிகிறான். சுரங்கத் தொழிலாளரைக் கிளர்ந்தெழச் சொல்லும் கார்லோஸ் குட்டியெரெஸ் குருஸின் கவிதை வரிகளும் அதனருகே எழுதப்பட்டிருந்தன. எதிர்ப்பு எழவே ரிவேரா அவற்றை நீக்கினார். ஆனால் கவிதை எழுதிய தாளை ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சாந்துக்குள் புதைத்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இதே காலத்தில் ஓவியர்கள் சங்கம் அமைத்தார்கள். தொழில்நுட்பத் தொழிலாளர், ஓவியர், சிற்பியர் சங்கம் என்று பெயர். கொத்தனாரோடு ஒரே சாரத்தில், சாந்து இறுகும் நேரத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்பவர்கள் தங்களைத் தொழிலாளர் என்று அழைத்துக்கொண்டது இயல்பானது. தாவித் அல்ஃபாரோ சிக்கேய்ரோஸ் முன்னின்று எழுதிய சங்க அறிக்கை, 'எல் மச்செட்டே' என்ற அவர்களுடைய பத்திரிகையில் 1924-இல் வெளிவந்தது. சட்டமிட்டு மாட்டும் ஓவியம் வசதி படைத்தவர்களின் சொத்து, சுவரோவியம் பொதுச்சொத்து என்பது அதன் சாரம். வாதம் வலுவானது. அதற்குள் ஒரு சிக்கலும் உண்டு: விற்க முடியாத படத்துக்குச் சுவரின் சொந்தக்காரர்தான் காவல்.

சிக்கல் அந்த ஆண்டே வெடித்தது. ஆயத்தப் பள்ளி மாணவர்கள் ஹோசே கிளெமெந்தே ஓரோஸ்கோவும் சிக்கேய்ரோஸும் வரைந்திருந்த ஓவியங்களைக் கல்லெறிந்தும் சுரண்டியும் சேதப்படுத்தினார்கள். வாஸ்கான்செலோஸ் பதவி விலகினார். ஓவியர்கள் இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1926-இல் திரும்பி வந்த ஓரோஸ்கோ, தன் பழைய படங்களில் பலவற்றைத் தானே அழித்துவிட்டு 'அகழி'யை வரைந்தார். செந்நிறப் பின்னணியில் மூன்று போராளிகள், ஒருவர் முகமும் தெரியாது. கொடி கிடையாது, வெற்றி முழக்கம் கிடையாது. புரட்சியைப் பற்றி வரையப்பட்டவற்றில் இதைவிட நேர்மையான படம் வேறில்லை என்பது என் கருத்து. அரசு கொடுத்த சுவரில் அரசின் வெற்றிக் கதையைச் சொல்ல அவர் மறுத்துவிட்டார்.

ரிவேராவின் வழி வேறு. பணம் எங்கிருந்து வந்தாலும் சுவரை ஏற்றுக்கொள்வார், படத்தில் எளிதில் சமரசம் செய்ய மாட்டார். குவெர்னவாகாவில், மெக்சிகோவை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸின் அரண்மனையில் ஸ்பானியப் படையெடுப்பின் கொடுமைகளை 1930-இல் வரைந்தபோது, அதற்குப் பணம் கொடுத்தவர் அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோ. நியூயார்க்கில் இந்த வழி முட்டுச்சந்தில் நின்றது. 1933-இல் ராக்ஃபெல்லர் மையத்தில், ஆர்.சி.ஏ. என்ற வானொலி நிறுவனத்தின் கட்டடக் கூடத்தில் 21,000 டாலர் ஒப்பந்தத்தில் வரையத் தொடங்கினார். லெனின் முகம் தோன்றியது. ராக்ஃபெல்லர் தரப்பினர் நீக்கச் சொன்னார்கள், மறுத்தார். மே மாதம் முழுத் தொகையையும் கொடுத்துச் சாரத்திலிருந்து இறக்கினார்கள். 1934 பிப்ரவரியில் ஓர் இரவு படம் கொத்தி எடுக்கப்பட்டது. முழுத் தொகையும் தரப்பட்டதால் ஒப்பந்தப்படி சுவர் அவர்களுடையது, சாந்தில் கலந்த படமும் அவர்களுடையதாகிவிட்டது. உதவியாளர் லூசியென் பிளாக் முன்னரே ரகசியமாக எடுத்துவைத்த புகைப்படங்கள் இருந்ததால்தான், அதே ஆண்டு மெக்சிகோவின் நுண்கலை அரண்மனையில் ரிவேரா அதைச் சற்றுச் சிறிய அளவில் மீண்டும் வரைய முடிந்தது.

இதற்கு நடுவில் அவர் செய்த ஒரு காரியம் போதிய கவனம் பெறவில்லை. ராக்ஃபெல்லர் மையம் கொடுத்த பணத்தைக் கொண்டு, நியூயார்க்கில் 'புதிய தொழிலாளர் பள்ளி' என்ற இடதுசாரிப் பள்ளிக்காக 21 ஃபிரெஸ்கோக்களை வரைந்தார். இவை கட்டடச் சுவரில் வரையப்பட்டவை அல்ல, தூக்கிச் செல்லக்கூடிய பலகைகளில் சாந்து பூசி வரையப்பட்டவை. இரும்புச் சட்டத்தில் சாந்து பூசும் முறையை, 1931-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகக் கண்காட்சிக்காக அவர் ஏற்கனவே கையாண்டிருந்தார். பள்ளி இருந்ததோ வாடகைக் கட்டடத்தில். இப்போது இடம் மாறினாலும் படம் கூடவே வரும்.

பிற்காலத்தில் ஒரு பெரும் படத்தைக் காப்பாற்றியதும் பெயர்த்தெடுக்க முடிந்ததுதான். 1947-இல் பிராதோ விடுதியில் அவர் வரைந்த 'அலமேதா பூங்காவில் ஞாயிறு மாலைக் கனவு' 15 மீட்டருக்கு மேல் நீளம். அதில் 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் இக்னாசியோ ராமிரெஸ் கையிலிருந்த தாளில் 'கடவுள் இல்லை' என்ற சொற்கள் இருந்தன. பேராயர் விடுதியை ஆசீர்வதிக்க மறுத்தார், மாணவர்கள் அந்தச் சொற்களைச் சுரண்டினார்கள், படம் பல ஆண்டுகள் திரை போட்டு மூடப்பட்டது. 1956-இல் ரிவேராவே அந்தச் சொற்களை மாற்றினார். 1985 நிலநடுக்கத்தில் விடுதி பாழானது. படத்தைச் சட்டத்தோடு பெயர்த்து, பூங்காவின் அருகே அதற்கென்றே கட்டிய அருங்காட்சியகத்தில் வைத்தார்கள்.

சிக்கேய்ரோஸ் சுண்ணாம்பையே விட்டு விலகினார். கான்கிரீட் காலத்துக்குத் தொழிற்சாலைப் பொருள்தான் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒல்வேரா தெருவில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் தள வெளிச்சுவரில், ஈர சிமென்டின் மேல் தெளிப்பானால் 'வெப்பமண்டல அமெரிக்கா'வை வரைந்தார். நடுவில் சிலுவையில் கட்டப்பட்ட பழங்குடி மனிதன், தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகு. தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு விரைவிலேயே வெள்ளையடித்தார்கள், பிறகு முழுவதற்கும். சிமென்ட் வேகமாக இறுகும். சுண்ணாம்பைப் போல நிறத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளாது. அதோடு கலிஃபோர்னிய வெயிலும் மழையும் சேர்ந்து மூல நிறத்தில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டன. கலைப்பொருள் பாதுகாப்புக்கான கெட்டி (Getty) நிறுவனமும் நகர நிர்வாகமும் சேர்ந்து 2012-இல் அதைப் பார்வைக்குத் திறந்தபோது, புதிதாக வண்ணம் தீட்டாமல், எஞ்சியதை எஞ்சியபடியே நிறுத்தினார்கள். அது சரியான முடிவு. வெள்ளையடிப்பின் தடமும் அந்தப் படத்தின் வரலாறுதான்.

அவருடைய முறை முழுமையாகக் கைகூடியது தொழிற்சங்கம் கொடுத்த சுவரில். 1939-இல் மெக்சிகோ மின்தொழிலாளர் சங்கக் கட்டடத்தின் மாடிப்படியில், ஸ்பானிய அகதி ஜோசெப் ரெனாவ் உள்ளிட்ட குழுவோடு 'முதலாளி வர்க்கத்தின் உருவப்படம்' தொடங்கியது. மூன்று சுவரும் கூரையும் ஒரே பரப்பாகக் கொள்ளப்பட்டன. படியேறும் தொழிலாளியின் கண் எந்தப் படியில் எங்கே விழும் என்று முதலில் கணக்கிட்டு, அந்தப் பார்வைக் கோணங்களுக்கு ஏற்ப உருவங்களை நீட்டியும் வளைத்தும் அமைத்தார்கள். ஓரிடத்தில் நின்று பார்த்தால் கோணலாகத் தெரியும் வடிவம், நடக்கும்போது நேராகிறது. செய்திப் புகைப்படங்களை மாதிரியாகக் கொண்டார்கள். கார்களுக்கு அடிக்கும் பைராக்சிலின் வண்ணத்தைத் தெளிப்பானால் அடித்தார்கள். நொடியில் காயும், அடுக்கடுக்காக ஏற்றலாம். ஆனால் கரைப்பானின் ஆவி நச்சு, எளிதில் தீப்பிடிக்கும். நாளடைவில் படலம் மஞ்சளேறி நொறுங்கும் தன்மை அடைகிறது, கனமாகப் பூசிய இடங்களில் வெடிப்பு விடுகிறது. 1940 மே மாதம், மெக்சிகோவில் தஞ்சம் புகுந்திருந்த ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியின் வீட்டைத் தாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய சிக்கேய்ரோஸ் தலைமறைவானார். மீதி வேலையை ரெனாவ் முடித்தார்.

பொதுச்சொத்து என்று முழங்கிய இந்த இயக்கம், சுவர்களைப் பெண்களோடு பங்கிட்டுக்கொள்வதில் மிகவும் குறுகிய மனத்தோடு நடந்துகொண்டது. 1936-இல் மெக்சிகோ நகரின் புரட்சிப் பள்ளி வளாகத்தில் அவுரோரா ரெயெஸ், கிராமத்து ஆசிரியை ஒருவர் தாக்கப்படும் காட்சியை வரைந்தார். ஒருவன் அவர் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான், இன்னொருவன் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் இடிக்கிறான், பின்னால் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு கிராமங்களுக்கு அனுப்பிய ஆசிரியர்கள் அந்த ஆண்டுகளில் உண்மையிலேயே இப்படித் தாக்கப்பட்டார்கள். மெக்சிகோவின் முதல் பெண் சுவரோவியர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1945-இல் மரியா இஸ்கியெர்தோ நகர அரசுக் கட்டடத்தில் வரைய ஒப்பந்தம் பெற்றார். ஃபிரெஸ்கோ வேலையில் அவருக்கு அனுபவம் போதாது என்று ரிவேராவும் சிக்கேய்ரோஸும் சொன்னதை ஏற்று அந்த ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது. நோபால் சாற்றில் தொடங்கி கார் வண்ணம் வரை அரசுச் சுவரிலும் பிறர் சுவரிலும் தவறிக் கற்றுக்கொண்டவர்கள் அந்த இருவரும். இஸ்கியெர்தோ வாதாடியதோடு நிற்கவில்லை. தனக்கு அந்த நுட்பம் தெரியும் என்று காட்ட, தூக்கிச் செல்லக்கூடிய பலகைகளில் சாந்து பூசி, திட்டமிட்டிருந்த படத்தின் பகுதிகளான 'இசை', 'துன்பியல்' என்ற இரண்டையும் வரைந்து முடித்தார்.

நன்றி, வணக்கம்.