நான்கு கிலோமீட்டர் அகல அமைதி

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

'பல்துறை நோக்கில் அமைதி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். துறைக்கு ஒரு வரையறை என எடுத்து வரிசையாக வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை. ஒரே ஒரு இடத்தைக் காட்டி, அங்கே அமைதி இருக்கிறதா என்று துறை துறையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கொரியாவை வடக்கு, தெற்கு எனப் பிரிக்கும் நிலப்பட்டைதான் அந்த இடம். நீளம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், அகலம் 4 கிலோமீட்டர். 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தால் உருவானது.

சட்டம் படித்தவரைக் கேட்டால், அங்கே அமைதி இல்லை என்பார். போர்நிறுத்தம் சண்டையை நிறுத்தி வைக்கும், போரை முடிக்காது. முடித்து வைக்க வேண்டிய சமாதான ஒப்பந்தம் இன்றுவரை வரவில்லை. தென்கொரியா அந்தப் போர்நிறுத்தத்திலேயே கையெழுத்துப் போடவில்லை. பன்னாட்டு அரசியல் படித்தவரோ, எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்போர் மூளவில்லையே, அதற்குப் பெயர் என்ன என்று திருப்பிக் கேட்பார். இரு தரப்பும் ஒன்றையொன்று அஞ்சி நிற்பதால் கிடைக்கும் அமைதி அது.

அப்புறம் சூழலியலாளர் வருவார். மனிதர் காலடி அதிகம் படாததால் அந்தப் பட்டையும் அதை ஒட்டிய நிலமும் காட்டுயிர்களின் புகலிடமாகிவிட்டன. உச்சந்தலையில் சிவப்புத் திட்டு கொண்ட, உலகில் அரிதான கொக்குகள் குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்குகின்றன. அவற்றைப் பொறுத்தவரை அதைவிட அமைதியான இடம் இல்லை. அதே மண்ணுக்குள் கண்ணிவெடிகள் புதைந்து கிடக்கின்றன. குடும்பத்தை ஆராய்பவரைக் கேளுங்கள்: அண்ணன் ஒரு பக்கமும் தங்கை மறுபக்கமுமாய் முதுமையடைந்தவர்களைப் பற்றிச் சொல்வார். அப்படிப் பிரிந்தவர்களில் ஒரு சிலரைக் கடைசியாக 2018இல்தான் சில நாட்கள் சந்திக்க விட்டார்கள்.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 'அவரவர் கோணம் அவரவருக்குச் சரி' என்று இதை மூடிவிட என்னால் முடியாது. அமைதிக்கு ஒரு வரையறை எழுதும்போதே, யாருடைய துன்பத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறோம். எந்தத் துறையானாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது அந்த விடுபட்ட ஆளைத்தான்.

1651இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ், போரை வானிலையோடு ஒப்பிட்டார். ஓரிரு தூறல் விழுந்தால் அது மோசமான வானிலை ஆகிவிடாது. பல நாட்கள் மழைக்கோலம் கட்டி நின்றால்தான் அப்படிச் சொல்கிறோம். போரும் அப்படித்தான், சண்டை நடக்காத நாளிலும் சண்டைக்கான மனநிலை நீடித்தால் அது போர்க்காலமே என்றார். இது அவருக்கு ஓர் உவமை. ஆனால் உண்மையிலேயே வானிலையைக் கணக்கிட்ட ஒருவர் பின்னாளில் போரையும் கணக்கிட உட்கார்ந்தார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்று பெயர். கணித அறிஞர். எனக்கு மிகவும் பிடித்த மனிதர், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

போரை ஏற்காத குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர் அவர். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்கவில்லை. பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கும் வேலைக்கு நடுவே, வானிலையைச் சமன்பாடுகளால் முன்னறியும் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். போருக்குப் பின் அவர் வேலை பார்த்த வானிலைத் துறை, விமானப்படையைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் போனது. 1920இல் வேலையை விட்டார். பின்பு ஆயுதப் போட்டிக்கும் சமன்பாடு எழுதினார். மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகளை எல்லாம் ஒரே அளவுகோலில் அடுக்கினார். இறந்தவர் எண்ணிக்கையில் ஒன்றுக்குப் பின் எத்தனை பூஜ்யமோ அதுவே அளவு: ஒருவர் இறந்தால் 0, ஆயிரம் பேர் இறந்தால் 3, பத்து லட்சம் என்றால் 6. தனி ஒரு கொலையும் உலகப் போரும் அந்தக் கோலில் இரண்டு முனைகள். கொலையைக் காவல்துறைக்கும் போரை வரலாற்றுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறோமே, அந்தப் பிரிவினையை அவர் ஏற்கவில்லை. இதை நினைக்கும் ஒவ்வொரு முறையும் அவர்மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

ஆனாலும் அவர் கோலிலும் ஒருவர் விடுபடுகிறார். யாரும் கொல்லாமலே செத்துப் போகிறவர்.

அந்த ஆளைக் கணக்கில் கொண்டுவந்தவர் நார்வே நாட்டு அமைதி ஆய்வாளர் யோகான் கால்டுங். 1969இல் எழுதிய கட்டுரையில் காசநோயை எடுத்துக்காட்டாகச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவர் காசநோயால் இறந்தால் அதை வன்முறை என்று சொல்வது கடினம். அன்று தப்பிக்க வழியில்லை. உலகத்தில் மருத்துவ வசதி எல்லாம் இருக்கும்போது ஒருவர் அதே நோயில் இறந்தால் அங்கே வன்முறை இருக்கிறது. 1882இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துச் சொன்னார். 1940களில் அதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்தது. அதற்குப் பிறகும் மருந்து எட்டாமல் போகும் உயிருக்குக் கொலையாளி என்று தனியாக ஒருவர் இல்லை, அமைப்பே கொல்கிறது. போர் இல்லாத நிலையை எதிர்மறை அமைதி என்றும், இந்த அமைப்பு வன்முறையும் இல்லாத நிலையை நேர்மறை அமைதி என்றும் அவர் பிரித்தார்.

நம் சொல்லையே பாருங்கள். 'அமை' என்ற வேருக்கு அடங்குதல் என்றும் பொருள், பொருந்துதல் என்றும் பொருள். வகுப்பில் ஆசிரியர் 'அமைதி!' என்று மேசையைத் தட்டும்போது முதல் பொருள். அமைப்பு என்ற சொல் வருவதும் அதே வேரிலிருந்துதான். பிள்ளைகள் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் வகுப்பும், எல்லோரும் தத்தம் இடத்தில் நிறைவாய்ப் பொருந்தியிருக்கும் வகுப்பும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும். உள்ளே நுழைந்தால்தான் வேறுபாடு தெரியும்.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. பொருளியல் அறிஞர் கென்னத் போல்டிங் கால்டுங்கை விமர்சித்தார். வறுமையையும் சமமின்மையையும் எல்லாம் வன்முறைக்குள் அடக்கினால், குண்டு விழுவதைத் தடுக்கும் அவசர வேலை கவனம் இழந்துவிடும் என்பது அந்தத் தரப்பின் கவலை. நியாயமான கவலைதான். தலைக்கு மேல் விமானம் பறக்கும்போது யாரும் சமத்துவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ஆனாலும் நான் கால்டுங் பக்கம்தான் நிற்கிறேன். காரணத்தை ஒரு நிகழ்வாகச் சொல்கிறேன்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் 1980 முதல் உள்நாட்டுப் போர். சுமார் 75,000 பேர் மாண்டார்கள். அந்தப் போருக்கு நடுவே 1985இல், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக மட்டும் சண்டையை நிறுத்தும்படி யுனிசெஃபும் கத்தோலிக்கத் திருச்சபையும் இரு தரப்பிடமும் பேசின. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஏறத்தாழ இரண்டரை லட்சம் குழந்தைகளுக்குத் தட்டம்மை, போலியோ முதலான நோய்களுக்கான ஊசியும் சொட்டு மருந்தும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் அந்த நாள் முடிந்ததும் மறுபடி சண்டை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இப்படியே நாள் குறித்து நிறுத்தினார்கள்.

அந்தப் போர் 1992 ஜனவரி 16 அன்று மெக்சிகோவின் சாபுல்டெபெக் கோட்டையில் கையெழுத்தான ஒப்பந்தத்தோடு முடிந்தது என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, எந்த ஒப்பந்தமும் இல்லாத காலத்தில், தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த மூன்று ஞாயிறுகளுக்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது: அமைதி நாட்கள்.