பெர்லின் நகரின் சின்னங்கள்: ஒரு மாணவனின் முதல் பார்வை

அவைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வெளிநாட்டுக் கல்விக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம். முதுகலைப் படிப்புக்காகப் பெர்லினில் வாழ்ந்தபோது அந்நகரின் வரலாற்றுச் சின்னங்கள் என் கண்ணில் முதன்முதலாக எவ்வாறு பட்டன என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். விசா, விடுதி, வங்கிக் கணக்கு முதலியவற்றைப் பிறர் விளக்குவார்கள் என்ற நம்பிக்கையில் நான் கட்டடங்களோடு நின்றுகொள்கிறேன்.

பெர்லினுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தேடிச் செல்வது பிராண்டன்பர்க் வாயிலைத்தான். ஏதென்ஸ் அக்ரோபொலிஸ் குன்றின் நுழைவாயிலை முன்மாதிரியாகக் கொண்டு லாங்ஹான்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் 1788 முதல் 1791 வரை எழுப்பிய அந்த வாயிலின் உயரம் 26 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் பாதிகூட இல்லை. ஆகவே அதன் உருவம் என்னை மலைக்க வைக்கவில்லை. மலைக்க வைத்தது அது பட்ட பாடு. உச்சியில் நிற்கும் நான்கு குதிரைத் தேரை 1806இல் நெப்போலியன் பெயர்த்துப் பாரிசுக்குக் கொண்டு சென்றார். அவர் வீழ்ந்த பிறகு, 1814இல், அது திரும்பி வந்தது. 1961 ஆகஸ்ட் 13 அன்று பெர்லின் சுவர் எழத் தொடங்கி நகரம் கிழக்கு, மேற்கு எனப் பிளக்கப்பட்டபோது, அந்த வாயில் பொதுமக்கள் நெருங்க முடியாத எல்லைப் பகுதிக்குள் சிக்கிக்கொண்டது. 1989 நவம்பரில் சுவர் திறந்த பின்னரும், டிசம்பர் 22 வரை அதன் வழியே போக்குவரத்து இல்லை.

சற்றுத் தள்ளியுள்ள நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் கவிகை மாடத்தைக் காண எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். 1945இல் அக்கட்டடத்தைக் கைப்பற்றிய சோவியத் வீரர்கள் கரியாலும் சாக்குக்கட்டியாலும் சுவர்களில் எழுதிய தங்கள் பெயர்களும் ஊர்களும் 1990களின் புதுப்பிப்புப் பணியின்போது பலகைகளுக்குப் பின்னால் வெளிப்பட்டன. அவற்றை அழிக்காமல் காக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் வற்புறுத்தினார். தோற்கடித்தவனின் கிறுக்கலைத் தன் நாடாளுமன்றச் சுவரிலேயே வைத்துக்கொள்ளத் துணிந்த நாடு வேறெங்கும் இருப்பதாக நான் அறியேன்.

எனினும் ஒரு மாணவன் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் பேபெல் சதுக்கம். ஒருபுறம் இசை நாடக அரங்கு, மறுபுறம் பழைய நூலகக் கட்டடத்தில் சட்டத்துறை, சாலைக்கு அப்பால் 1810இல் தொடங்கிய ஹும்போல்ட் பல்கலைக்கழகம். நடுவில் வெறும் கல் தளம். தரையில் பதித்த ஒரு கண்ணாடிப் பலகையின் ஊடாகக் குனிந்து பார்த்தால், கீழே வெண்ணிற அறையில் ஏறத்தாழ 20,000 நூல்கள் கொள்ளக்கூடிய வெற்று அலமாரிகள் தெரிகின்றன. இஸ்ரேலியக் கலைஞர் மிக்கா உல்மன் 1995இல் அமைத்த நினைவுச்சின்னம் இது. ஹிட்லரின் நாஜி ஆட்சியில், 1933 மே 10 இரவில் அவ்விடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் எரிக்கப்பட்டன. தம் நூல்கள் தீக்குப் போவதைக் கூட்டத்தில் நின்று கண்ணால் கண்ட எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர். எரித்தவர்கள் யார் என்பதுதான் என்னை உறுத்தியது: நாஜிப் படையினர் மட்டுமல்லர், மாணவர் சங்கத்தினரே முன்னின்று செய்தனர், பேராசிரியர்களும் உடன் நின்றனர். வகுப்புக்குச் செல்லும் வழியில் அந்தக் கண்ணாடியைக் கடந்து போகும் எவரும் இதைப் பிறர் குற்றம் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதை அறிந்த தமிழ் மாணவனுக்கு அந்த வெற்று அலமாரிகள் அயலாருடையவை ஆகா.

நகரம் எப்போதும் தன் வடுக்களை இவ்வாறே காத்துவைக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 1950இல் கிழக்கு ஜெர்மன் அரசு தகர்த்த அரண்மனையின் இடத்தில் 1976இல் மக்கள் மாளிகை ஒன்று எழுந்தது. 2008க்குள் அதையும் இடித்துவிட்டுப் பழைய அரண்மனையின் முகப்பைப் புதிதாகவே கட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழக்கு ஜெர்மனியின் நாற்பது ஆண்டு வரலாற்றைத் துடைத்துவிட்ட அந்த அழகு எனக்கு உவப்பாக இல்லை.

பயணக் கையேடுகள் தமிழருக்கென்று எடுத்துச் சொல்லாத ஓர் இடத்தையும் குறிப்பிட வேண்டும். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தப்பிய தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக் தெரு ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டனர். அப்பிரிவினையை நாட்டெல்லையாக ஏற்காத மேற்குத் தரப்பு அங்கே கடவுச்சீட்டுச் சோதனை நடத்தவில்லை என்பதே அவ்வழி திறந்திருந்ததன் காரணம். 1985இல் கிழக்கு ஜெர்மனி அதனை அவர்களுக்கு அடைத்தது. அந்நிலையத்தை ஒட்டி, 1962இல் கட்டப்பட்ட எல்லைச் சோதனைக் கூடம் ‘கண்ணீர் மாளிகை’ என்ற பெயரில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. உங்களில் பெர்லின் செல்பவர்கள், நிழற்படத்துக்காக வாயிலுக்கு ஓடுவதற்கு முன் அங்கே இறங்கிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.