அலென்தெஜு சாப்பாட்டு மேசை: ரொட்டியை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள்

[காட்சி: எவோரா நகரத்துச் சந்து. வெள்ளைச் சுவர்கள், அடியில் மஞ்சள் பட்டை. சின்ன உணவகம் ஒன்றின் வாசல்.]

மதியம் 12.30 மணி. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் பஸ் ஏறினால் கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் எவோரா வந்துவிடும். ரோமானியர் கட்டிய கோயிலும் எலும்புகளால் ஆன சிற்றாலயமும் பார்க்கத்தான் பெரும்பாலும் இங்கே வருகிறார்கள். நாம் இன்று சாப்பிட வந்திருக்கிறோம்.

இந்தப் பகுதிக்கு அலென்தெஜு என்று பெயர். தேஜு ஆற்றுக்கு அப்பால் உள்ள நிலம் என்று பொருள். போர்ச்சுகலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இதுதான். கோதுமை வயல், ஆலிவ் தோப்பு, கார்க் மரம், மறுபடியும் கோதுமை வயல். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், தட்டில் வரப்போவதும் இதுதான்.

[காட்சி: மேசை. காகித விரிப்பு. பரிமாறுபவர் ரொட்டி, ஆலிவ், சின்னப் பாலாடைக்கட்டி ஆகியவற்றை வைக்கிறார்.]

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலேயே இவை வந்துவிடும். இதற்கு ‘கூவேர்’ என்று பெயர். இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பிட்டால் கணக்கில் ஏறும். நீங்கள் கேட்காத, தொடாத எதற்கும் காசு வாங்கக் கூடாது என்று 2015-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை. ஆனால் என் பேச்சைக் கேட்டால், அந்த ரொட்டியை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள்.

தடித்த மேலோடு, லேசான புளிப்பு, உச்சியில் தலை போல ஒரு புடைப்பு. போர்ச்சுகீசிய மொழியில் ரொட்டிக்கு என்ன சொல்லோ, அதைத்தான் இலங்கைத் தமிழர்கள் இன்றும் ‘பாண்’ என்கிறார்கள். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. குசினி, கதிரை எல்லாம் அவர்கள் வழியாக வந்த சொற்கள். நாம் எல்லோரும் சொல்லும் மேசையும்தான்.

சரி, ஏன் இத்தனை ரொட்டிப் பேச்சு? இங்கே நிலமெல்லாம் சில பெரிய பண்ணையார்களிடம் இருந்தது. மற்றவர்கள் அன்றாடக் கூலிகள். 1929-ல் அரசாங்கம் ‘கோதுமை இயக்கம்’ தொடங்கி இந்த மண் முழுக்கக் கோதுமை போட வைத்தது. நாட்டுக்கே களஞ்சியம் என்று பெயர் வந்தது, விளைவித்தவர்களுக்குப் பசி தீரவில்லை. சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த 1974 புரட்சிக்குப் பிறகு அதே கூலியாட்கள் பண்ணைகளுக்குள் புகுந்து நிலத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களுடைய வீடுகளில் வாரம் ஒரு முறைதான் ரொட்டி சுடுவார்கள். நாலைந்து நாளில் அது காய்ந்துவிடும். காய்ந்த ரொட்டியைத் தூக்கிப் போடுகிற வசதி யாருக்கும் இல்லை. அதை எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்த கைகளிலிருந்துதான் இந்த ஊர்ச் சமையல் பிறந்தது.

[காட்சி: கல்லுரலில் பூண்டும் கொத்தமல்லியும் நசுங்குகின்றன.]

அதில் எனக்கு மிகப் பிடித்தது அசோர்டா. பூண்டு, கல்லுப்பு, கை நிறையக் கொத்தமல்லித் தழை மூன்றையும் உரலில் இடிப்பார்கள். அந்த விழுதைப் பெரிய கிண்ணத்தில் போட்டு, தாராளமாக ஆலிவ் எண்ணெய் விட்டு, மேலே கொதிக்கும் வெந்நீர் ஊற்றுவார்கள். அந்த நொடியில் எழும் வாசனை மேசை முழுக்கப் பரவும். பழைய ரொட்டித் துண்டுகளை அதில் போட்டு, உடைத்து வேகவைத்த முட்டையை மேலே வைத்தால் முடிந்தது. இறைச்சி கிடையாது. அடுப்பில் வைத்துக் கிளறுவதும் கிடையாது. ஐரோப்பாவில் பல இடங்களில் கொத்தமல்லித் தழையைத் தேட வேண்டியிருக்கும். இங்கே அது இல்லாமல் சமையலே இல்லை. அசோர்டா என்ற பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது. 1165 வரை எவோரா முஸ்லிம் ஆட்சியில் இருந்த ஊர். லிஸ்பனில் இதே பெயரில் கூழ் போலக் கெட்டியாக ஒன்று தருவார்கள், அதை வைத்து இதை எடை போடாதீர்கள். இது தெளிந்த ரசம் மாதிரி நீர்க்க இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பல இடங்களில் கருவாடு போல உப்பிட்டு உலர்த்திய காட் மீனை வேகவைத்து, அந்தத் தண்ணீரையே ஊற்றுவார்கள். ‘ஸெய்ன் பக்கல்யாவ்’, அதாவது காட் மீன் வேண்டாம் என்று சொல்லி, வெறும் வெந்நீர் ஊற்றச் சொல்லுங்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு வேலை சுலபம். போர்கு என்றால் பன்றி, வாக்கா மாடு, பொர்ரேகு ஆட்டுக்குட்டி, ஃப்ராங்கு கோழி. இந்த நாலு சொல் தெரிந்தால் பாதி மெனு புரிந்துவிடும். ஓக் மரக் கொட்டைகளைத் தின்று வளரும் கறுப்புப் பன்றிதான் இந்தப் பகுதியின் பெருமை. அதனோடு மீகஷ் வரும். ரொட்டியைப் பூண்டோடும் கொழுப்போடும் பிசைந்து, வாணலியில் உருட்டிப் புரட்டி எடுத்தது. ஆட்டுக்குட்டிக் குழம்பு கேட்டால் அதுவும் ரொட்டித் துண்டுகளின் மேல்தான் வந்து இறங்கும். பன்றியையும் மட்டியையும் சேர்த்துச் சமைக்கிற ஒரு கறியும் உண்டு; அது அலென்தெஜுவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் தெற்கே அல்கார்வில் பிறந்தது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அளவில் கவனம் தேவை. மெனுவில் ஒரே உணவுக்கு இரண்டு விலை இருந்தால், குறைந்த விலை ‘மெயா டோஸ்’, அரை அளவு. ஒருவருக்கு அதுவே போதும். முழு அளவை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

[காட்சி: தட்டில் வெடித்த மேற்பரப்போடு ஓர் இனிப்பு, பக்கத்தில் பாகில் ஊறிய பச்சைப் பிளம்.]

இனிப்புக்குச் செரிகாயா. முட்டை, பால், சர்க்கரை, கொஞ்சம் மாவு, மேலே நிறைய லவங்கப்பட்டைப் பொடி. வேகும்போது மேற்பரப்பு கோடை வயல் போல வெடித்துவிடும். எல்வாஷ் ஊரின் பிளம் பழத்தோடு தருவார்கள். மலேசியாவில் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் காயாவுக்கும் இதற்கும் பெயரில் உறவு உண்டு என்று சொல்வார்கள். அப்புறம் ஒரு சின்னக் காப்பி.

பில் தானாக வராது. உங்களை எழுப்பிவிடுவது போல ஆகிவிடும் என்பதால் நீங்கள் கேட்கும்வரை காத்திருப்பார்கள். ‘ஆ கோன்தா, போர் ஃபவோர்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் 3 மணி வாக்கில் அடுப்பை அணைத்துவிட்டு, இரவு 7 அல்லது 7.30 மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். அதனால் கோயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.