உருகும் பனியும் நம்ம ஊர்க் கடலும்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மலைமேல் உறைந்து கிடந்து மெல்ல நகரும் பனியாறுகளைப் பற்றிய பேச்சு கடலூர்க்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நியாயம்தான். கங்கைக் கரையில் இருப்பவருக்கு இமயமலைப் பனி குடிதண்ணீர், பாசனத் தண்ணீர். நமக்கு அப்படியில்லை. தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி எல்லாமே மழையை நம்பி ஓடுகிற ஆறுகள். உருகிய பனி ஒரு சொட்டுகூட நம் ஏரிகளுக்கு வருவதில்லை. ஆனால் நம் கடலுக்கு வருகிறது. அதுவும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. அது ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "கிரீன்லாந்துல பனி உருகினா அந்தப் பக்கத்துக் கடல்தானே சார் ஏறும்? நம்ம பக்கம் வர்றதுக்கு எவ்வளவோ காலம் ஆகுமே?" நல்ல கேள்வி. நிறையப் படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வடதுருவத்துக்கு அருகே இருக்கும் பெரிய தீவான கிரீன்லாந்தில் பனி உருகினால் அதை ஒட்டிய கடல் இறங்கும். தொலைவில் இருக்கிற கடல்தான் ஏறும்.

காரணம் ஈர்ப்பு விசை. கிரீன்லாந்தின் மேல் கிடக்கும் பனி சராசரியாக ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் தடிமன்; நடுவில் மூன்று கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அவ்வளவு பெரிய எடை, சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரையக் கரைய அந்தப் பிடி தளர்கிறது. இதுவரை அங்கே சேர்ந்து நின்ற தண்ணீரும் விலகுகிறது, உருகிய தண்ணீரும் அதோடு போகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், உருகும் இடத்திலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வரை கடல்மட்டம் குறையும். சுமார் 6,700 கிலோமீட்டருக்கு அப்பால் உலக சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். புதுச்சேரிக்கும் கிரீன்லாந்தின் நடுப்பகுதிக்கும் இடையே 9,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம். தெற்கே அண்டார்க்டிகாவின் மிக அருகிலுள்ள கரையும் 8,000 கிலோமீட்டருக்கு மேல். வடக்கே உருகினாலும் தெற்கே உருகினாலும் நாம் ஏறுகிற பக்கத்தில்தான் இருக்கிறோம்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் ராபர்ட் வுட்வர்ட் 1888-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் கிரீன்லாந்துப் பனியின் இந்தத் தடத்தை, அதாவது பக்கத்தில் இறங்கித் தொலைவில் ஏறுவதை, கடலின் மேலேயே அளந்து காட்டியதாக ஆய்வு வெளியானது 2022-ல்தான். ஒரு கணக்கு சரியென்று கண்ணால் பார்க்க 134 ஆண்டுகள்! அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

ஐஸ்லாந்தில் ஹோப்ன் என்று ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது, வாட்னயோகுல் என்ற பெரிய பனிப்பரப்பின் அடிவாரத்தில். மேலே பனி குறைந்து பாரம் இறங்குவதால் அந்த ஊரின் தரையே ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக எழும்பிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்தின் ஆழம் குறைந்து படகு தட்டிவிடுமோ என்பது அவர்கள் கவலை. முகத்துவாரம் மணல் மூடிப் படகு வெளியே போக முடியாமல் தவிப்பது என்னவென்று தேங்காய்த்திட்டு மீனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பனி உருகுகிறது. அவர்களுக்குக் கடல் போதவில்லை, நமக்கு மிஞ்சுகிறது.

சரி, இவ்வளவு பனி குறைகிறது என்று எப்படித் தெரியும்? 2002-ல் கிரேஸ் என்ற பெயரில் இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பினார்கள். ஒன்றின் பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் சுற்றிவந்தன. கீழே கனமான பனி வரும்போது முன்னால் போவது முதலில் இழுபடும். இடைவெளி துளி கூடும். அந்தத் துளியை, தலைமுடியின் பருமனைவிடச் சிறிய மாற்றத்தை, அளந்தே கீழே எவ்வளவு எடை இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2018 முதல் அடுத்த ஜோடி அதே வேலையைச் செய்கிறது. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவுக்குப் பனியை இழந்துவந்திருக்கிறது. 36,000 கோடி டன் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும்.

நம் நாட்டில் வேலை இன்னும் கைவேலைதான். இமாச்சலத்தில் சோட்டா ஷிக்ரி பனியாற்றின் மேல் துளையிட்டு மூங்கில் கழிகளை ஆழமாக இறக்கி வைக்கிறார்கள். அடுத்த ஆண்டு போய், கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்தால் எவ்வளவு உருகியது என்று தெரிந்துவிடும். 2002-லிருந்து தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தினரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து தொடங்கிய பணி இது. ஆண்டுக்குச் சுமார் அரை மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமமான பனி அங்கே குறைந்துவந்திருக்கிறது. இமயமலையில் ஆயிரக்கணக்கான பனியாறுகள் இருந்தும், இப்படி விடாமல் அளக்கப்பட்டவை மிகச் சிலவே. அது எனக்கு வருத்தம்.

உறைநிலம் தனிக் கதை. சைபீரியா, அலாஸ்கா, கனடாவில் இரண்டு ஆண்டுக்கு மேலாக உறைந்தே கிடக்கும் மண். அதில் சுமார் 1.5 லட்சம் கோடி டன் கரிமம் அடைபட்டிருக்கிறது. காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியே விடும். அதில் எவ்வளவு, எவ்வளவு வேகமாக வரும் என்பதுதான் இன்று பெரிய ஆராய்ச்சி.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதுச்சேரிக் கடற்கரை மணல் காணாமல் போனதற்குப் பனியாறுகள்மீது பழி போடக்கூடாது. தெற்கிலிருந்து வடக்கே அலை தள்ளிக்கொண்டு போகும் மணலை 1980-களில் துறைமுகத்துக்காகக் கட்டிய கல்தடுப்புகள் மறித்துவிட்டன. வடக்கே கரை அரித்தது. கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறியதற்கும் முதல் காரணம் நாம் உறிஞ்சிய நிலத்தடி நீர். இவை நாம் செய்தவை, நாமே சரிசெய்யக்கூடியவை. கடல் ஏறுவது இதன்மேல் வந்து சேர்கிறது. 1993-லிருந்து உலக சராசரி சுமார் 10 சென்டிமீட்டர்; பனி உருகுவதும், கடல்நீர் சூடாகி விரிவதும் சேர்ந்து. பத்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையேறியதைப் பார்த்தவர்கள் யோசிக்கட்டும்: புயல் தள்ளிவரும் தண்ணீர் இனி இந்த உயரத்தின்மேல் நின்றுதான் ஊருக்குள் வரும். நம் நிலமோ மேசைபோலத் தட்டை.

2025 முதல் 2034 வரையிலான பத்து ஆண்டுகளைப் பனி, உறைநிலம் பற்றிய அறிவியலுக்கென்று ஐக்கிய நாடுகள் சபை ஒதுக்கியிருக்கிறது. நம் நாட்டில் இந்த ஆராய்ச்சிக்குப் பொறுப்பான தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் கோவாவில் வாஸ்கோவில் இருக்கிறது. அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி, வடதுருவப் பக்கம் ஹிமாத்ரி, ஸ்பிதியில் ஹிமான்ஷ் என்று நிலையங்கள் உண்டு. இயற்பியல், புவியியல், கணிதம் படிக்கிற பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம். பனியையே பார்த்திராத ஊரிலிருந்து அங்கே போக முடியுமா என்று தயங்க வேண்டாம். அந்த மையத்தின் அறிவிப்புகளைத் தவறாமல் பாருங்கள். ஆசிரியர்களும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.