டிஎன் 58 வண்டிக்கு, 0452 ஊருக்கு

நடுவர் அவர்களே, வணக்கம். ஊருக்கு அடையாளம் வண்டி நம்பரா, இல்ல வெளியூருக்கு நேரா போன் போட முன்னாடி அமுக்குற எஸ்டிடி கோடாங்கிறது தலைப்பு. எதிரணி அண்ணன் வந்து, பைக்ல டிஎன் 58னு பாத்தாலே மதுரைக்காரன்னு தெரிஞ்சு போகும்னு மீசைய முறுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஏண்ணே, மதுரைல 58 மட்டுமா இருக்கு? தெக்க 58, வடக்க 59, நடுவுல 64. ஒரே ஊர மூணா பங்கு போட்ட நம்பரு ஊருக்கு எப்படிண்ணே அடையாளம் ஆகும்? வைகைக்கு இந்தப்பக்கம் சிம்மக்கல்லுக்கும் அந்தப்பக்கம் கே.கே.நகருக்கும் ஒரே எஸ்டிடி கோடு, 0452 தான்.

இது குலுக்கல்ல விழுந்த நம்பரும் இல்லீங்க. நம்ம நாட்டுல 1960ல லக்னோவுக்கும் கான்பூருக்கும் நடுவுலதான் முதல் எஸ்டிடி, அது வர்ற வரைக்கும் வெளியூர் பேசணும்னா எக்ஸ்சேஞ்சுல ஆளு போட்டுத் தர்ற ட்ரங்க் கால புக் பண்ணிட்டு எப்ப மணி அடிக்கும்னு போன் பக்கத்துலயே காவல் கிடக்கணும். நேரா டயல் பண்ணணும்னா மெஷினுக்குப் புரியுற மாதிரி ஊருக்கு ஒரு விலாசம் வேணும்ல, அதுதான் கோடு. திண்டுக்கல் 0451, நாம 0452, தேனி 04546, காரைக்குடி 04565. நம்ம தமிழ்நாட்டுல 046னா தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில். 042னா கொங்கு. மேப்பே அதுக்குள்ள இருக்குங்க. முன்னாடி சைபர விட்டுட்டா கோடும் நம்பரும் சேந்து 10 இலக்கம், அதனால போன் நிறைய இருக்க சென்னைக்கு 44 போக 8, நமக்கு 452 போக 7.

லேண்ட்லைனே போச்சேம்பாரு அண்ணன். வாஸ்தவம்தான், இப்ப செல் நம்பர பாத்து எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்போம்?

திருப்பூர்ல பனியன் கம்பெனில இருந்தப்ப ராத்திரி 11 மணிக்கு மேல கால்வாசி சார்ஜ்தான்னு எஸ்டிடி பூத் வாசல்ல வரிசை கட்டி நிப்போம். ஒருநாள் உள்ள போயி 0452ன்னு அமுக்குறேன், மீட்டர்ல செகப்பா நம்பர் ஓடுது, கண்ணாடிக்கு வெளிய நின்ன முன்னப்பின்ன தெரியாத ஆளு கதவத் தட்டி "மதுரைல எங்கண்ணே?"ங்கிறாரு. செல்லூருன்னேன். "நான் ஆரப்பாளையம்ணே"ன்னாரு. நான் அம்மாகிட்ட பேசிட்டு வெளிய வர்றதுக்குள்ள ரெண்டு டீ சொல்லி வச்சிருக்காரு. வண்டி நம்பர பாத்தா கண்டுபிடிச்சாரு? எங்க ரெண்டு பேர்கிட்டயும் அப்ப இருந்தது வாடகை சைக்கிளுண்ணே!