ஐபோனா, அன்ட்ரொயிட்டா? கடைக்குப் போகுமுன் இதைக் கேளுங்கள்

வணக்கம் உறவுகளே! வெள்ளவத்தையில் இருந்து பேசுகிறேன். காலி வீதியில் போகும் 100ஆம் இலக்க பஸ்களின் ஹோர்ன் சத்தம் இடையிடையே கேட்கும். ஜன்னலை மூடினால் வெக்கை தாங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் வாங்குவதா, அன்ட்ரொயிட் வாங்குவதா என்று பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இதோ, மேசையில் இரண்டும் இருக்கின்றன. இது ஐபோன். இது நடுத்தர விலை அன்ட்ரொயிட். இரண்டையும் தினமும் பாவிக்கிறேன். கமரா எப்படி, சிப் எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் உள்ளே ஓடும் இயங்குதளத்தை, அதாவது போனை இயக்கும் மென்பொருளைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். புறக்கோட்டையில் கேட்டாலும் லிபர்ட்டி பிளாசாவில் கேட்டாலும் கடைக்காரர் முதலில் கமராவைத்தான் திறந்து காட்டுகிறார். இந்த இயங்குதளத்துக்கு இன்னும் எத்தனை வருடம் புதுப்பிப்பு வரும் என்று அவராகச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

இயங்குதளம் செத்துப்போவதை நம் காலத்திலேயே பார்த்துவிட்டோம். நோக்கியாவின் சிம்பியன் போய்விட்டது. விண்டோஸ் போன் போய்விட்டது. பிளாக்பெரியின் பழைய இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் திகதியோடு நின்றுவிட்டன. 2007இல் வந்த ஐபோனும் 2008இல் கடைக்கு வந்த அன்ட்ரொயிட்டும்தான் நம் ஊரில் மிஞ்சியிருக்கின்றன. ஹுவாவேயின் ஹார்மனியும் இருக்கிறது. கூகுள் சேவைகள் இல்லாத போனை இங்கே அன்றாடப் பாவனைக்கு வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது புதுப்பிப்பு விடயத்துக்கு வருகிறேன். ஐபோனில் போனும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அப்பிள் புதுப்பிப்பை வெளியிட்ட அன்றைக்கே டொரன்டோவில் இருப்பவருக்கும் தெஹிவளையில் இருப்பவருக்கும் வந்துவிடுகிறது. அன்ட்ரொயிட்டில் அப்படி இல்லை. கூகுள் எழுதிக் கொடுக்கும். சிப் தயாரிக்கும் குவல்கொமோ மீடியாடெக்கோ அதைத் தன் சிப்புக்குப் பொருத்த வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் சொந்தத் தோற்றத்தையும் செயலிகளையும் அதன் மேல் ஏற்ற வேண்டும். இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கை சோர்ந்தாலும் உங்கள் போனுக்குப் புதுப்பிப்பு வராது. மலிவான போன்களில் பெரும்பாலும் கடைசிக் கைதான் சோர்ந்துபோகும். விற்றாயிற்று, இனி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது. சம்பளத்தை மிச்சம் பிடித்துப் போன் வாங்குகிறவருக்குத்தான் இந்த அநியாயம் நடக்கிறது.

ஆனால் நிலைமை மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கூகுள் 2023இல் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருடப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தது. 2024 தொடக்கத்தில் வந்த கெலக்சி எஸ்24 வரிசைக்கு சாம்சுங்கும் அதே ஏழு வருடத்தைச் சொன்னது. நமக்கு இன்னும் முக்கியமானது கெலக்சி ஏ16. விலை குறைந்த வரிசையில் வந்த போன், அதற்கே ஆறு வருடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐபோன் பக்கம் பாருங்கள்: 2015இல் வந்த 6எஸ், ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 2021இல் வந்த 15ஆம் பதிப்பு வரை வாங்கியது. அதற்குப் பிறகும் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. 2025இல் வந்த ஐஓஎஸ் 26, ஐபோன் 11இல் இருந்து மேலே உள்ளவற்றுக்குத்தான். 2018இல் வந்த எக்ஸ்எஸ் அதில் இல்லை. ஆகவே யாராவது உங்களுக்கு எக்ஸ்எஸ்ஸை மலிவாகத் தருகிறேன் என்றால், அது ஏன் மலிவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

2022இல் ரூபாய் விழுந்த பிறகு இங்கே போன் விலை எங்கே போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஒரு போன் வாங்கினால் அது ஒருவரோடு முடிவதில்லை. அக்கா பாவித்தது அம்மாவுக்கு, அம்மா பாவித்தது அம்மம்மாவுக்கு. புதுப்பிப்பு நின்ற போன் மூன்றாவது கைக்குப் போகும்போது வங்கிச் செயலி திறக்க மறுக்கும், வட்ஸ்அப் நின்றுவிடும். 2025 மே மாதத்தில் வட்ஸ்அப், ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ள ஐபோன்களைக் கைவிட்டது. 5எஸ், 6, 6 பிளஸ் எல்லாம் அதோடு போயின. இலண்டனில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பில் மட்டுமே பார்க்கும் அம்மம்மாவுக்கு அது சின்ன விடயம் இல்லை.

அடுத்தது தமிழ். இதில் அன்ட்ரொயிட்டுக்குத்தான் என் வாக்கு. 2014இல் வந்த அன்ட்ரொயிட் 5.0 பதிப்பிலேயே கூகுள் தமிழையும் சிங்களத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. முழுப் போனையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் தமிழ் விசைப்பலகை 2013இலேயே ஐஓஎஸ் 7உடன் வந்துவிட்டது, ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தட்டும் அஞ்சல் முறையும் தமிழ் எழுத்துகளிலேயே தட்டும் தமிழ்99 முறையும் இருந்தன. ஆனால் போனின் மொழியாகத் தமிழைத் தெரிவு செய்ய 2025இல் ஐஓஎஸ் 18.4 வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்து வருடத்துக்கு மேல்! அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிற போனில் இது பெரிய குறை. வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, பிந்தி வந்ததை மறக்க முடியவில்லை.

கமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன், பாருங்கள். இது அன்ட்ரொயிட், கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகை. மொழிகளில் தமிழைச் சேர்க்கும்போது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று தனித்தனியாகக் காட்டும். இலங்கையைத் தொடுங்கள். இப்போது இந்த மைக் குறியை அழுத்திவிட்டுப் பேசுகிறேன்: மீன் மார்க்கெட்டுக்குப் போகிறேன், வரும்போது பாண் வாங்கி வருகிறேன். பார்த்தீர்களா, 'பாண்' என்று மூன்று சுழி ண் போட்டே எழுதியிருக்கிறது. வேகமாகப் பேசினால் தடுமாறும், ஆங்கிலப் பெயர்களில் பிழை விடும். ஆனாலும் விரல் நடுங்கும் வயதில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. என் அம்மா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு முறையில் தட்டச்சுப் பழகியவர், புதிய விசைப்பலகைகள் எதுவும் அவருக்குக் கைவரவில்லை. குரலில் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு கனடாவில் இருக்கும் சித்திக்கு நீள நீளமாகச் செய்தி அனுப்புகிறார்.

ஐபோனுக்கு உரியதையும் கொடுத்துவிட வேண்டும். போன் ஆங்கிலத்தில் இருக்க, ஒரு செயலி மட்டும் தமிழில் இருக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த வசதி 2019இல் ஐஓஎஸ் 13இலேயே வந்துவிட்டது. அன்ட்ரொயிட்டில் அது 2022இல், 13ஆம் பதிப்பில்தான் வந்தது. உங்களைச் செயலிகள் பின்தொடரலாமா என்று முகத்துக்கு நேரே கேட்டு அனுமதி வாங்கும் வழக்கத்தையும் 2021இல் அப்பிள் கொண்டுவந்தது. 'வேண்டாம்' என்று ஒரு தொடுகையில் முடித்துவிடலாம்.

இன்னொன்று சின்னதாகத் தெரியும், வயதானவர்களுக்குச் சின்னது இல்லை. பின்னால் போவது. அன்ட்ரொயிட்டில் திரையின் அடியில் மூன்று பட்டன்களை வைத்துக்கொள்ளலாம். எந்தச் செயலிக்குள் போனாலும் பின்செல்லும் பட்டன் அதே இடத்தில் இருக்கும். ஐபோனில் பெரும்பாலும் இடது ஓரத்தில் இருந்து விரலை இழுக்க வேண்டும், சில இடங்களில் மேல் மூலையைத் தொட வேண்டும், சில இடங்களில் கீழே தள்ள வேண்டும். இளையவர்களுக்கு இரண்டு நாளில் பழகிவிடும். அம்மாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால், கடையில் அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

இனி வெளிநாட்டில் இருந்து வரும் ஐபோன்கள். மாமா கொண்டுவருவார், மச்சான் கொடுத்து அனுப்புவார். அன்போடு வருகிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே மூன்று நான்கு விடயங்களைக் கேட்டுவிடுங்கள். அவருடைய அப்பிள் கணக்கில் இருந்து போனை முழுமையாக நீக்கிவிட்டாரா? நீக்காவிட்டால் போன் அவருடைய கணக்கோடு பூட்டப்பட்டே இருக்கும்; 2013இல் இருந்து இந்தப் பூட்டு இருக்கிறது. பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. (அன்ட்ரொயிட்டிலும் 2015இல் இருந்து இதேபோல ஒன்று உண்டு.) அங்குள்ள தொலைபேசி நிறுவனத்துக்கு மட்டும் என்று பூட்டப்பட்ட போனா? அமெரிக்காவில் வாங்கியதா? அங்கே விற்ற ஐபோன் 14இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கே உங்கள் இணைப்பை இ-சிம்மாக மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

அதோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் போன் பதிவாகியிருக்கிறதா என்பதும் இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் போனின் 15 இலக்க அடையாள எண் வரும். ஆங்கில எழுத்தில் IMEI என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்கு குறுஞ்செய்தி அனுப்புங்கள். பதிவான போனா இல்லையா என்று பதில் வரும். கடையில் பழைய போன் வாங்கும்போது, காசைக் கொடுப்பதற்கு முன்பு, அங்கே நின்றபடியே இதைச் செய்யுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஐபோனாக இருந்தால் அமைப்புகளில் பட்டரியின் ஆரோக்கியம் எத்தனை வீதம் என்றும் பாருங்கள். பழைய போன் சந்தையில் ஐபோனுக்கு இருக்கும் நல்ல அனுகூலம் இது. பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் இவ்வளவு இலேசாகப் பார்க்க முடியாது.

ஒன்றில் இருந்து மற்றதுக்கு மாறுபவர்களுக்கு: வட்ஸ்அப் காப்புப்பிரதி அன்ட்ரொயிட்டில் கூகுள் கணக்குக்குப் போகிறது, ஐபோனில் அப்பிளின் ஐகிளவுட்டுக்குப் போகிறது. ஒன்றில் எடுத்து வைத்ததை மற்றதில் விரிக்க முடியாது. பழைய போனும் புதிய போனும் ஒரே நேரத்தில் கையில் இருக்க, நேரடியாக மாற்ற வேண்டும். அன்ட்ரொயிட்டில் இருந்து ஐபோனுக்குப் போகும் வழி 2022இல்தான் திறந்தது. ஆகவே பழைய போனை முதலில் விற்றுவிட்டுப் புதியதை வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். இலவச இடமும் கவனம்: கூகுள் 15 ஜிபி, ஐகிளவுட் 5 ஜிபி. பிறந்தநாள் வீடியோக்களுக்கு 5 ஜிபி எந்த மூலைக்கு!

சரி, என் முடிவு. வீட்டில் கை மாறிப் பாவிக்கப் போகிற போன், தமிழில் பாவிக்கப் போகிறவர் வீட்டில் இருக்கிறார், சொந்தக் காசில் புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் அன்ட்ரொயிட் வாங்குங்கள். ஆறு வருடமோ அதற்கு மேலோ புதுப்பிப்புத் தருவதாக நிறுவனமே எழுதிக் கொடுத்த போனாக மட்டும் இருக்க வேண்டும். பழைய போன்தான் வாங்கப்போகிறீர்கள், தனியாகப் பாவிக்கப்போகிறீர்கள் என்றால் ஐபோன் நல்லது, 13க்குக் கீழே போகாதீர்கள். இரண்டிலும் சேராத மலிவுப் போனைச் சலுகை விலையில் தருகிறார்கள் என்றால், இன்னும் கொஞ்சக் காலம் பழையதையே வைத்திருங்கள்.

வீட்டில் பெரியவர்கள் பாவிக்கும் போனின் பெயரையும் அதில் ஓடும் பதிப்பு எண்ணையும் கீழே எழுதி விடுங்கள். அதற்கு இன்னும் எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன். அடுத்த காணொளியில் அம்மாவையே பக்கத்தில் இருத்தி, போனைத் தமிழுக்கு மாற்றுவதை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறோம்.