டாக்டர் என்ன எழுதினார்?

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். 52 வயது. துணி ஃபேக்டரியில் தைத்துத் தைத்தே முதுகு போய்விட்டது. ஊனமுற்றோர் கிரான்ட், அதாவது அரசு உதவித்தொகை, கேட்டு மனுப் போட்டார், பரிசோதனைக்கும் போய்வந்தார். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை, அவ்வளவு சுருக்கு. அப்புறம் கடிதம் வந்தது: தகுதி இல்லை.

உடனே அப்பீல் எழுத உட்கார்ந்துவிட்டார். பட்ட கஷ்டமெல்லாம் மூன்று பக்கம். நான்தான் தடுத்தேன். "அக்கா, டாக்டர் என்ன எழுதினார் என்றே தெரியாது. எதற்குப் பதில் சொல்கிறீர்கள்?"

பரிசோதித்த டாக்டர் எழுதிய அறிக்கையின் நகலை நாம் கேட்டு வாங்கலாம். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 32ஆம் பிரிவு தரும் உரிமை அது. அதற்காக 2000இல் வந்த தகவல் பெறும் சட்டத்தைச் சுருக்கமாகப் பாயா (PAIA) என்பார்கள். ஆட்டுக்கால் நினைவு வந்தால் நான் பொறுப்பில்லை! படிவம் 2ஐ நிரப்பி, கிரான்ட் வழங்கும் அரசு அமைப்பான சாசாவின் (SASSA) தகவல் அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். சொந்த விவரத்தைக் கேட்பவருக்கு மனுக் கட்டணம் கிடையாது. நகலெடுக்கும் செலவு கேட்கலாம். வெறுமனே 'என் ஃபைல்' என்று எழுதாதீர்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், உடல்நிலையால் எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னாலே போதும். அதிகாரிதான் அதைப் படிவத்தில் எழுதி, ஒரு நகலை நம் கையில் தர வேண்டும். கவுண்டரில் தலையைச் சொறிந்தால், பாயாவின் 18ஆம் பிரிவு என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்.

பதிலுக்கு 30 நாள். சில சமயம் இன்னொரு 30 நாள் நீட்டிப்பார்கள். கெடுவுக்குள் பதிலே வராவிட்டால் மறுத்ததாகக் கணக்கு; தகவல் ஒழுங்காற்று ஆணையத்திடம் புகார் செய்யலாம். ஆனால் கிரான்ட் மறுப்புக்கு எதிரான அப்பீலுக்கு 90 நாள்தான். அறிக்கைக்காகக் காத்திருந்து அதைக் கோட்டை விடாதீர்கள். அறிக்கை வரத் தாமதமானால், அப்பீலை முதலில் போட்டுவிட்டு, மீதி விவரம் பின்னால் வரும் என்று எழுதுங்கள்.

அக்காவுக்கு அறிக்கை கிடைத்தது. நன்றாக நடக்கிறார், இலகுவான வேலை செய்யலாம் என்று எழுதியிருந்தது. நடக்கிறார், உண்மைதான். உட்காரத்தான் முடியாது, அதை யாரும் கேட்கவே இல்லை. கிளினிக் எக்ஸ்ரே பற்றி ஒரு வரிகூட இல்லை.

மூன்று பக்கத்தை ஓரமாக வைத்தார். இந்த இரண்டையும் மட்டும் அரைப் பக்கத்தில் எழுதி, எக்ஸ்ரே நகலோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.